மன்னன் வந்தமர்ந்த பெண்கள் பந்தி

ஹவாய்த் தீவின் மேற்குக் கரையில், கைலுவாவில், கடலை ஒட்டி நிற்கிறது அஹுவேனா கோயில். கறுத்த எரிமலைக்கல் மேடை, புல் வேய்ந்த குடில், மரத்தில் செதுக்கிய தெய்வ உருவங்கள். இப்போது இருப்பது பிற்காலத்தில் திரும்பக் கட்டியது. பழைய தெய்வங்களைக் கிறித்துவப் பாதிரிமார்தான் வீழ்த்தியிருப்பார்கள் என்று எண்ணத் தோன்றும். ஆனால் முதல் பாதிரிமார் கப்பல் கைலுவாவுக்கு வந்தது 1820இல். அதற்கு முன்பே, 1819இல், கோயில்களை அழிக்கும் ஆணை பிறந்துவிட்டது. அதன் பின்னால் இருந்தவர்கள் இரண்டு பெண்கள்.

பழைய ஹவாயின் விலக்குமுறைக்குக் ‘கப்பு’ என்று பெயர். அதன்படி ஆணும் பெண்ணும் சேர்ந்து உண்ணக்கூடாது. பன்றி இறைச்சி, வாழைப்பழம், தேங்காய், சிலவகை மீன்கள் பெண்ணுக்கு இல்லை. மீறினால் மரண தண்டனைகூட உண்டு. சமைத்தவர்கள் ஆண்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். தங்களுக்கு ஓர் அடுப்புக்குழி, பெண்களுக்கு வேறொன்று. அடுப்படி வேலை ஆண் கைக்குப் போனால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்புவோர் இந்த இடத்தில் சற்று நிற்கலாம். ஆண்கள் உண்ட குடிலே வீட்டின் வழிபாட்டிடமும்கூட. விலக்கப்பட்ட உணவுகள் பலவும் தெய்வங்களுக்குப் படைக்கப்பட்டவை. பெண்ணைப் பந்தியிலிருந்து தள்ளியதும் சன்னதியிலிருந்து தள்ளியதும் ஒரே கைதான்.

1819 மே மாதம் பேரரசன் கமேஹமேஹா இறந்தான். அவன் மனைவியரில் ஒருத்தியான காஅஹுமானு, இளம் மன்னன் லிஹோலிஹோவோடு தானும் ஆட்சியில் பங்கேற்பதாக அறிவித்தாள். லிஹோலிஹோவைப் பெற்ற கெயோபுவோலானி, குலத்தில் எல்லோரையும்விட உயர்ந்தவள். அவள் தன் இளைய மகனோடு வெளிப்படையாக உட்கார்ந்து உண்டாள். நவம்பரில் கைலுவாவில் விருந்து நடந்தது. ஆண்களுக்கு ஒரு மேசை, பெண்களுக்கு ஒரு மேசை. லிஹோலிஹோ எழுந்துபோய்ப் பெண்கள் மேசையில் அமர்ந்து உண்டான். கப்பு அங்கே முறிந்தது.

இதைப் பெண்களின் வெற்றி என்று மட்டும் எழுதிவிட எனக்குக் கை வரவில்லை. பழைய தெய்வங்களுக்காகப் படை திரட்டினான் லிஹோலிஹோவின் உறவினன் கெகுவாஓகலானி. குவாமோவோ போர்க்களத்தில் அவனோடு நின்று போரிட்டு மாண்டவள் அவன் மனைவி மனோனோ. எந்த முறை அவளைப் பந்திக்கு வெளியே நிறுத்தியதோ, அதற்காகவே உயிர் விட்டாள். அவளை ஏமாளி என்று சொல்ல நான் தயாரில்லை. துப்பாக்கிகளோடும் கப்பல்களோடும் அந்நியர் வந்து இறங்கிக்கொண்டிருந்த காலம் அது. கரைந்துபோவது சோற்று விலக்கு மட்டுமல்ல என்று அவள் கண்டிருக்கலாம்.

தெற்கே ஹோனௌனௌவில் பெருங்கல் மதில் ஒன்று இன்றும் நிற்கிறது. கப்பு மீறியவர் ஓடியோ நீந்தியோ அதற்குள் வந்து சேர்ந்தால் உயிர் பிழைக்கலாம். அங்கே தலைவர்களின் எலும்புகளைக் காத்த கோயிலை 1829இல் பிரிக்கச் சொன்னவள், அதற்குள் கிறித்துவத்தைத் தழுவியிருந்த காஅஹுமானு. அந்தப் புகலிடத்தில் அவள் பெயரால் ஒரு பாறை கிடக்கிறது. கணவனோடு பிணங்கி நீந்தி வந்து அதன் அடியில் ஒளிந்திருந்தாளாம், கூட வந்த நாய் குரைத்துக் காட்டிக்கொடுத்துவிட்டதாம்.