சோதனையில் வென்ற ஏவுகணை ஏன் கைவிடப்பட்டது?

பாய்ந்து வரும் ஏவுகணையை இன்னோர் ஏவுகணையால் வானிலேயே தடுக்க முடியுமா? முடியும் என்று 1962ஆம் ஆண்டிலேயே காட்டியது அமெரிக்கா. கலிபோர்னியாவிலிருந்து பாய்ச்சப்பட்ட இலக்கை, பசிபிக் பெருங்கடலின் குவாஜலின் தீவிலிருந்து கிளம்பிய ‘நைக்கி சூஸ்’ எதிர்கொண்டது. அது அணுகுண்டு ஏந்துவதற்காகத் திட்டமிடப்பட்ட ஏவுகணை. ஆகவே இலக்கின் மீது மோத வேண்டியதில்லை. அருகில் சென்றாலே போதும். அந்த வகையில் சோதனை வெற்றிதான். உடனே நிறுவ வேண்டும் என்றது தரைப்படை.

ஆனால், 1963ஆம் ஆண்டின் தொடக்கத்தில் தற்காப்பு அமைச்சர் ராபர்ட் மெக்நமாரா அதற்கு இணங்கவில்லை. ஏன்?

சோதனையில் வந்தது ஒரே ஓர் இலக்கு. போர் என்று வந்தால் சோவியத் யூனியன் பல ஏவுகணைகளை, பலூன் போன்ற போலிகளோடு சேர்த்து அனுப்பக்கூடும். காற்றில்லாத விண்வெளியில் கனமான குண்டும் இலேசான போலியும் ஒன்றுபோலவே பறக்கும். சூஸின் ராடார்களோ ஒரே நேரத்தில் ஒரு சில இலக்குகளை மட்டுமே கவனிக்க வல்லவை.

ஆகவே மாற்று வழிகள் எடைபோடப்பட்டன. இருப்பதை உடனே நிறுவலாம். ஆனால் குறையும் கூடவே வரும். புதியதை உருவாக்கலாம், அதுவரை நகரங்களுக்குக் காப்பு இல்லை. பதுங்கிடங்கள் இல்லாவிட்டால் எந்தக் கேடயமும் பயன் தராது என்ற வாதமும் எழுந்தது. எதிரி தொலைவில் குண்டை வெடித்தாலும் கதிரியக்கத் தூசு காற்றோடு வந்துவிடுமே!

மெக்நமாரா புதியதையே தேர்ந்தார். காற்று மண்டலத்தில் நுழைந்ததும் போலிகள் பின்தங்கும். குண்டு மட்டும் விரைந்து இறங்கும். அதுவரை காத்திருந்து தாக்க ‘ஸ்பிரிண்ட்’ உருவானது. ஐந்தே விநாடிகளில் ஒலியின் வேகத்தைப்போல் சுமார் பத்து மடங்கை எட்டியது அது.

ஆயினும் சிக்கல் தீரவில்லை. கேடயம் எழுப்பினால் சோவியத் தன் ஏவுகணைகளைப் பெருக்கி ஈடுகட்டும் என்று 1967 செப்டம்பரில் மெக்நமாராவே எச்சரித்தார். அதே உரையில், சீனாவை எண்ணிச் சிறிய கேடயம் ஒன்றையும் அறிவித்தார்! 1969இல் அதிபர் நிக்சன் அதன் நோக்கத்தை மாற்றினார். நகரங்களுக்குப் பதிலாக அமெரிக்காவின் ஏவுகணைத் தளங்களைக் காப்பது முதன்மையானது. 1972இல் இரு வல்லரசுகளும் இத்தகைய கேடயங்களுக்கு ஒப்பந்தத்தின் வழி வரம்பு கட்டின.

எஞ்சிய ஒரே தளம் வட டக்கோட்டா மாநிலத்தில் 1975 அக்டோபர் 1ஆம் தேதி முழுமையாக இயங்கத் தொடங்கியது. மறுநாளே மக்களவை அதை மூட வாக்களித்தது. பல நூறு கோடி டாலர் கரைந்தது.

இலக்கை எட்டுமா என்பதற்குச் சோதனைத் திடல் பதில் சொல்லும். அதைக் கண்டு எதிரி என்ன செய்வான் என்பதைத் திட்டமிடும்போதே கேட்டாக வேண்டும். அந்தக் கேள்வியைத் தள்ளிப்போட்டால் என்ன விலை என்பதற்கு, ஒரே நாளில் தீர்ப்பு எழுதப்பட்ட அந்தத் தளமே சான்று.