இறக்கும் தருவாயில் மூளையில் நிகழும் வேதி மாற்றங்கள்

உடல் எடையில் சுமார் 2 சதவீதமே உள்ள மூளை, உடலுக்குத் தேவையான ஆக்சிஜனில் ஏறத்தாழ 20 சதவீதத்தைப் பயன்படுத்துகிறது. எனவே, இதயத் துடிப்பு நின்றதும் சில விநாடிகளில் நினைவு தப்புகிறது. எனினும், மூளை உடனடியாக அடங்கிவிடுவதில்லை.

அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஜிமோ போர்ஜிகின் தலைமையிலான குழு 2013-இல் வெளியிட்ட ஆய்வில், இதயம் நின்ற 30 விநாடிகளுக்குள் எலிகளின் மூளையில் காமா அலைகள் வலுவாக எழுந்தது தெரியவந்தது. ஆக்சிஜன் தடைப்பட்ட எலிகளின் மூளையில் நரம்புக் கடத்திகள் பெருமளவில் சுரப்பதையும் 2015-இல் அக்குழு கண்டறிந்தது. மூளையிலிருந்து இதயத்துக்குச் செல்லும் சமிக்ஞைகளைத் தடுத்தபோது, இதயம் கூடுதல் நேரம் இயங்கியது. அதாவது, தவிக்கும் மூளையே இதயத்தின் முடிவை விரைவுபடுத்துகிறது.

செயற்கை சுவாசம் விலக்கப்பட்ட 4 நோயாளிகளில் இருவரிடம் காமா அலைகள் அதிகரித்ததாக 2023-இல் அதே குழு தெரிவித்தது. அவர்கள் பிழைக்கவில்லை என்பதால், மரணத்தின் விளிம்பிலிருந்து மீண்டவர்கள் விவரிக்கும் காட்சிகளுக்கு இதுவே காரணம் எனக் கூற இயலாது.

செல்களுக்கு ஆற்றல் அளிக்கும் ஏடிபி தீர்ந்ததும், அயனிகளின் சமநிலையைக் காக்கும் சோடியம்-பொட்டாசியம் பம்புகள் செயலிழக்கின்றன. நரம்பு செல்கள் தங்கள் மின்னேற்றத்தை அலைபோல் அடுத்தடுத்து இழக்கின்றன, குளுட்டமேட் வெளியேறுகிறது, கால்சியம் உட்புகுந்து செல்களைச் சிதைக்கிறது. பெர்லினில் உள்ள சாரிட்டே மருத்துவமனையின் யென்ஸ் டிரையர் குழுவினர் இந்த அலையை மனிதர்களிடம் பதிவு செய்து 2018-இல் வெளியிட்டனர். ரத்த ஓட்டம் விரைவில் திரும்பினால், இந்த அலைக்குப் பிறகும் செல்கள் மீள வாய்ப்புண்டு.