வீட்டுப் பிளாக்செயின் நோடும் அடைபட்ட போர்ட்டுகளும்

பிளாக்செயின் நோடு என்பது, ஒரு நாணய வலையமைப்பின் கணக்கேட்டைத் தன்னிடம் வைத்துக்கொண்டு, புதிதாக வரும் ஒவ்வொரு பரிவர்த்தனையையும் பிறர் சொல்லை நம்பாமல் தானே சரிபார்த்து, சரியெனக் கண்டதை மற்ற நோடுகளுக்கு அறிவிக்கும் கணினியாகும். வீட்டில் இயங்கும் நோடு வெளியே சென்று பிற நோடுகளைத் தொடர்புகொள்ள முடிந்தும், பிற நோடுகள் அதனைத் தேடி வரும்போது இடைவழியில் மறிக்கப்படுவதே போர்ட் அடைப்பு எனப்படும். கணினிக்குள்ளும், வீட்டு ரவுட்டரிலும், இணையச் சேவை நிறுவனத்தின் சாதனங்களிலும் இவ்வடைப்பு நிகழக்கூடியதாதலால், உள்ளிருந்து வெளியாக ஒவ்வோர் இடத்தையும் கிரமப்படி பரிசோதித்துக் காரணத்தை நிர்ணயித்த பின்னரே பரிகாரத்தில் இறங்குவது உசிதம்.

இருவகை இணைப்புகள்

2009 ஜனவரி 3 அன்று முதல் பிளாக் என்ற பரிவர்த்தனைத் தொகுப்புடன் தொடங்கிய பிட்காயின் வலையமைப்பில் தலைமைக் கணினி என்று ஒன்றில்லை. அதன் பிரதான மென்பொருளாகிய பிட்காயின் கோர், தானாகவே பத்து நோடுகளைத் தேடிச் சென்று நிரந்தர இணைப்பு ஏற்படுத்திக்கொள்கிறது. பிற நோடுகள் தேடி வந்து ஏற்படுத்தும் வரவு இணைப்புகளையும் சேர்த்து மொத்தம் 125 வரை அது சாதாரணமாக அனுமதிக்கும். நாம் தொடங்கிய இணைப்பை வீட்டு ரவுட்டர் நினைவில் வைத்திருப்பதால், அதற்கான பதில் தடையின்றித் திரும்பி வருகிறது. ஆகவே போர்ட் அடைபட்டிருந்தும் நோடு எல்லாப் பிளாக்குகளையும் பெறும், எல்லாவற்றையும் சரிபார்க்கும், உரிமையாளருக்குக் கிட்டும் பிரயோஜனத்தில் பெரிய குறைவு ஏதுமில்லை.

குறைவு வலையமைப்புக்கே நேர்கிறது. தேடிச் செல்லும் ஒவ்வோர் இணைப்புக்கும் எதிர்முனையில் அதை ஏற்றுக்கொள்ளும் நோடு ஒன்று அவசியம். எல்லா நோடுகளும் அடைபட்டவையாயின் ஒருவரும் ஒருவரோடும் இணைய முடியாது. வரவை ஏற்பவை வாடகைக் கணினி நிலையங்களில் உள்ள நோடுகள் மட்டுமே என்றாகிவிட்டால், மையமில்லாத வலையமைப்பு சில நிறுவனங்களின் கட்டடங்களையே சார்ந்து நிற்கும். வீட்டு நோடு வரவை ஏற்பது இக்காரணத்தால் பொதுநன்மைக்குரிய காரியமாகிறது. 2015 ஜூலை 30-இல் தொடங்கிய எத்தீரியத்தில் சொந்த நஷ்டமும் உண்டு. அதன் கெத் மென்பொருள் அனுமதிக்கும் 50 இணைப்புகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கையே தானாகத் தேடும். எஞ்சியவை வரவினால் நிரம்ப வேண்டியவை.

போர்ட் எண்கள்

ஐபி முகவரி ஒரு கணினியைக் குறிக்க, போர்ட் எண் அக்கணினியில் இயங்கும் குறிப்பிட்ட நிரலைக் குறிக்கிறது. பதினாறு இருமக்கூறுகளால் ஆன இவ்வெண் 65,535 வரை செல்லும். பிட்காயினுக்கு 8333, லைட்னிங் வலையமைப்புக்கு 9735, மொனெரோவுக்கு 18080 என்பவை வழக்கமானவை. இவை டிசிபி என்ற செய்திக் கடத்தல் முறையில் இயங்குவன. எத்தீரியத்தின் செயலாக்க நிரலுக்கு 30303 என்ற போர்ட் டிசிபி, யுடிபி ஆகிய இரு முறைகளிலும் தேவை. ஏனெனில் பிற நோடுகளைக் கண்டுபிடிக்கும் வேலை யுடிபி வழியாகவும், செய்திப் பரிமாற்றம் டிசிபி வழியாகவும் நடைபெறுகின்றன. எத்தீரியம் தன் சரிபார்ப்பு முறையை மாற்றிய 2022 செப்டம்பர் 15-க்குப் பின் அதனுடன் கட்டாயமாக இயங்கவேண்டிய இரண்டாம் நிரலுக்கு, லைட்ஹவுஸ், டெக்கு, நிம்பஸ் ஆகியவற்றில் 9000 என்ற எண்ணும், பிரிஸமில் டிசிபிக்கு 13000, யுடிபிக்கு 12000 என்ற எண்களும் வழக்கில் உள்ளன. டிசிபியை மட்டும் திறந்துவிட்டு யுடிபியை மறந்துபோவது அடிக்கடி நேரும் பிழையாகும்.

புதுச்சேரியின் சூழல்

போர்ட் அடைப்பில் ஊரின் சூழலுக்கும் பங்குண்டு; புதுச்சேரியை எடுத்துக்கொண்டால், அவ்வட்டாரத்துக்கும் கணினி வலையமைப்புக்கும் உள்ள சம்பந்தம் பழையது. 1998-இல் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் வில்லியனூரை மையமாகக் கொண்டு சுற்றுக் கிராமங்களில் தகவல் நிலையங்களை அமைத்தபோது, தொலைபேசிக் கம்பியை நம்ப முடியாத இடங்களுக்கு வானொலி அலைவழியே செய்திகள் சென்றன. வீராம்பட்டினத்து மீனவர்களுக்கு, அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து எடுத்த கடலலை உயரக் குறிப்புகள் ஒலிபெருக்கியில் அறிவிக்கப்பட்டன. அக்கிராமங்கள் செய்தியைப் பெற்றதோடு அமையாமல், தத்தம் ஊர் விவரங்களைத் தாமே திரட்டிப் பிறருக்கு அளித்தமையே அம்முயற்சியின் உயிர்நிலை. இன்று நகரத்து வீடுகளுக்கு வரும் கண்ணாடியிழை இணைப்பு வேகத்தில் அதனினும் பன்மடங்கு மேம்பட்டதாயினும், பெறுபவருக்கென்றே அமைந்தது. அளிக்க விரும்புபவர் அதற்கெனத் தனியே முயலவேண்டியிருக்கிறது.

அடைப்புக்கு உள்ளூர்க் காரணங்கள் சிலவும் உண்டு. வைசியாள் வீதி முதலிய பழைய தெருக்களிலும், பிரெஞ்சுக்காரர் காலத்து வெள்ளை நகரிலும் உள்ள வீடுகளின் கனத்த சுண்ணாம்புக் காரைச் சுவர்களை வைஃபை அலை எளிதில் ஊடுருவாது. சேவை நிறுவனம் முன்கூடத்தில் பொருத்திய, கண்ணாடியிழை இணைப்பை ஏற்கும் ஓஎன்டி பெட்டியின் அலை உள்ளறைகளுக்கு எட்டாதபோது, வீட்டார் கடையில் இன்னொரு ரவுட்டர் வாங்கி நடுவில் வைக்கின்றனர். இவ்வாறு இரண்டு சாதனங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நாட் என்ற முகவரி மாற்றம் செய்யும் நிலையே இரட்டை நாட் எனப்படுவது. மேலும், 2024 நவம்பர் 30 அன்று புதுச்சேரி அருகே கரை கடந்த ஃபெஞ்சல் போன்ற புயல்களின்போது மின்சாரம் நின்று வரும். அப்போது மறுபடி உயிர்பெறும் ரவுட்டர், கணினிக்கு வேறு உள்முகவரியை வழங்கிவிடக்கூடும். நேற்றுவரை சரியாக இயங்கிய போர்ட் இன்று அடைபட்டதற்கு இதுவே காரணமாக இருப்பது சாதாரணம்.

ஆராயும் கிரமம்

முதலில் பார்க்கவேண்டியது, நிரல் உண்மையிலேயே அப்போர்ட்டில் காத்திருக்கிறதா என்பது. லினக்ஸில் எஸ்எஸ் என்ற கட்டளையும், விண்டோஸில் நெட்ஸ்டாட் கட்டளையும் இதைக் காட்டும். விடையில் 0.0.0.0:8333 என்று இருந்தால் நிரல் எல்லா வழியிலும் வரவை எதிர்நோக்குகிறது, 127.0.0.1:8333 என்று மட்டும் இருந்தால் அக்கணினிக்குள்ளிருந்து வருவதையே ஏற்கும். ஒன்றுமே இல்லையெனில் அமைப்புக் கோப்பைப் பார்க்கவேண்டும்: பிட்காயின் கோரில் பிராக்ஸி அல்லது கனெக்ட் என்ற அமைப்பைக் கொடுத்தால், வரவை ஏற்கும் வசதி, தனியே கேட்டாலன்றித் தானாகவே நிறுத்தப்படும். அடுத்தது கணினியின் ஃபயர்வால். விண்டோஸ் ஒரு வலையமைப்பைப் பொது இடத்துக்குரியது என்று குறித்துக்கொண்டிருந்தால் வரவை மறிக்கும். உபுண்டுவில் யுஎஃப்டபிள்யு இயங்கினால் அப்போர்ட்டுக்குத் தனி அனுமதி தரவேண்டும். அதே வீட்டிலுள்ள மற்றொரு கணினியிலிருந்து உள்முகவரி வழியே இணைய முடிந்தால், இவ்விரு படிகளும் குற்றமற்றவை என்று கொள்ளலாம்.

மூன்றாவது ரவுட்டர். போர்ட் ஃபார்வர்டிங் பக்கத்தில், வெளிப்போர்ட் 8333-க்கு வருவதை நோடு இயங்கும் கணினியின் உள்முகவரிக்கு அனுப்பும்படி எழுதவேண்டும். அதற்குமுன் அக்கணினிக்கு என்றும் மாறாத உள்முகவரியை ஒதுக்கிவைக்காவிட்டால், அடுத்த மின்தடையில் எல்லாம் வீணாகும். யுபிஎன்பி என்ற முறையில் நிரலே ரவுட்டரிடம் கேட்டுத் திறந்துகொள்ளும் வழக்கம் முன்னர் இருந்தது. அதற்குரிய மென்பொருட்பகுதியில் 2015-இல் பாதுகாப்புக் குறை காணப்பட்டதால் பிட்காயின் கோர் அதை இயல்பாக அணைத்துவைத்தது. 2025 ஏப்ரலில் வெளிவந்த 29-ஆம் பதிப்பில் முற்றிலும் நீக்கிவிட்டு, அதே வேலைக்குரிய பிசிபி, நாட்-பிஎம்பி ஆகிய முறைகளைத் தானே மேற்கொண்டது.

நான்காவது படியே பெரும்பாலும் விஷயத்தை முடிவு செய்வது. ரவுட்டரின் நிலைப்பக்கத்தில் வான் என்ற தலைப்பின்கீழ் உள்ள முகவரியைக் குறித்துக்கொண்டு, வெளியுலகம் காணும் நம் முகவரியைச் சொல்லும் இணையதளம் ஒன்றின் விடையோடு ஒப்பிடவேண்டும். இரண்டும் ஒன்றாயின் வழி நேரானது. வான் முகவரி 192.168 என்றோ 10 என்றோ தொடங்கினால் முன்னால் இன்னொரு ரவுட்டர் இருப்பது பெரும்பாலும் உறுதி. அப்போது ஓஎன்டி பெட்டியை, முகவரி மாற்றம் செய்யாத பிரிட்ஜ் நிலைக்கு மாற்றித் தரும்படி சேவை நிறுவனத்தாரைக் கேட்கலாம். இயலாவிடின் இரண்டு சாதனங்களிலும் ஃபார்வர்டிங் எழுதலாம். முகவரி 100.64 முதல் 100.127 வரையிலான வரிசையில் அமைந்தால், வீடு சிஜிநாட் என்ற பொது முகவரி மாற்றத்துக்குள் இருக்கிறது.

சிஜிநாட்

பழைய நான்காம் பதிப்பு ஐபி முறையில் சுமார் 429 கோடி முகவரிகளே உள்ளன. ஆசிய-பசிபிக் பிராந்தியத்துக்கு முகவரி வழங்கும் ஏப்னிக், 2011 ஏப்ரல் 15 அன்று தன் கடைசித் தொகுதியைத் தொட்டுவிட்டது. அதன் விளைவாக, சேவை நிறுவனங்கள் ஒரே வெளிமுகவரியைப் பல சந்தாதாரர்களுக்குப் பொதுவாக்கும் வழக்கம் பரவ, அதற்கென 100.64-இல் தொடங்கும் வரிசை 2012 ஏப்ரலில் தனியே ஒதுக்கப்பட்டது. ஒண்டுக்குடித்தனங்கள் பல உள்ள ஒரே கதவெண் வீட்டுக்குப் பெயர் எழுதாமல் வந்த தபாலை எந்தக் குடித்தனத்தில் கொடுப்பதென்று தபால்காரருக்கு விளங்காததுபோல், வெளியிலிருந்து வரும் இணைப்பை எந்த வீட்டுக்கு அனுப்புவதென்று நிறுவனத்தின் சாதனத்துக்குத் தெரியாது. இந்நிலையில் வீட்டு ரவுட்டரில் எத்தனை முறை எழுதினாலும் பயன் விளையாது.

பிரான்சில் உறவினர் வாழும் புதுச்சேரிக் குடும்பங்கள் பல. அங்குள்ள வீட்டில் நோடு வைக்க நினைப்போர் இன்னொரு வகையையும் அறிந்திருத்தல் நலம். ஃப்ரீ என்ற பிரெஞ்சு நிறுவனத்தின் கண்ணாடியிழை இணைப்புகள் பலவற்றில் ஒரு முகவரி நான்கு சந்தாதாரர்களுக்குப் பகிரப்பட்டு, ஒவ்வொருவருக்கும் 16,384 போர்ட்டுகள் கிடைக்கின்றன. 8333 முதற் பங்கிலும் 30303 இரண்டாம் பங்கிலும் அமைவதால், தம் பங்கில் இல்லாத எண்ணை ஒருவர் திறக்க இயலாது. முழு முகவரி வேண்டுமென்று விண்ணப்பித்துப் பெறலாம். பிட்காயினில் வேறு எண்ணை அமைத்துக்கொள்வதும் தகும். 2022-இல் வந்த பிட்காயின் கோரின் 23-ஆம் பதிப்பு முதல், 8333 அல்லாத போர்ட்டுகளை மற்ற நோடுகள் ஒதுக்குவதில்லை.

வெளியிலிருந்து சோதித்தல்

வீட்டுக்குள்ளிருந்தபடியே நம் வெளிமுகவரியைச் சோதிப்பது பல ரவுட்டர்களில் பொய்யான தோல்வியைக் காட்டும். கைப்பேசியில் வைஃபையை அணைத்து மொபைல் டேட்டா வழியே சோதிப்பதும், பிட்நோட்ஸ் தளத்தின் நோடு சோதனையைப் பயன்படுத்துவதும் சரியான முறைகள். சோதனையின்போது நோடு இயங்கிக்கொண்டிருக்க வேண்டும். இணைப்பு மறுக்கப்பட்டது என்று உடனே விடை வந்தால், செய்தி ஏதோ ஒரு சாதனத்தை அடைந்தது, அங்கே காத்திருக்கும் நிரல்தான் இல்லை என்று பொதுவாகப் பொருள். நெடுநேரம் விடையே இல்லாமல் போனால் வழியில் ஃபயர்வாலோ நாட்டோ அதை விழுங்கிவிட்டது என்று கருதலாம். டிசிபி சோதனைத் தளங்கள் யுடிபியைப் பற்றி ஒன்றும் சொல்லா. பிட்காயின் கோரின் நெட்இன்ஃபோ கட்டளை, வரவு இணைப்புகளையும் செலவு இணைப்புகளையும் தனித்தனியே எண்ணிக் காட்டும். போர்ட் திறந்தவுடன் வரவு பெருகிவிடாது. புதிய முகவரி நோடுகளிடையே பரவச் சில மணி நேரமோ அதற்கு மேலுமோ ஆகும்.

மாற்று வழிகள்

சிஜிநாட்டுக்குள் உள்ள வீட்டார் சேவை நிறுவனத்திடம் நிலையான முகவரியைத் தனிக் கட்டணத்தில் கேட்கலாம். ஆறாம் பதிப்பு ஐபி முறை பரவிய நாடுகளுள் இந்தியா முன்னணியில் இருப்பதால், அவ்வசதி இணைப்பில் இருப்பின் முகவரி மாற்றமே தேவைப்படாது. ரவுட்டரின் ஆறாம் பதிப்பு ஃபயர்வாலில் அந்த ஒரு போர்ட்டுக்கு அனுமதி எழுதினால் போதும். டோர் என்ற மறைவழி வலையமைப்பு பிட்காயினுக்கு மிகவும் உகந்தது: நோடு தானே வெளியே சென்று டோர் வலையமைப்பில் தன் ஆனியன் முகவரியைப் பதிவதால், எந்தப் போர்ட்டையும் திறக்காமலே வரவு கிடைக்கிறது. டோர் டிசிபியை மட்டுமே சுமப்பதால், யுடிபியை நம்பும் எத்தீரியத்துக்கு அது பொருந்தாது. அதற்கு வாடகைக் கணினி ஒன்றிலிருந்து வீட்டுக்கு வயர்கார்டு சுரங்கம் அமைப்பது சாத்தியம்.

திறக்கலாகாத போர்ட்டுகள்

நோடைக் கட்டளையிட்டு நடத்துவதற்கான போர்ட்டுகள் வேறு. பிட்காயினின் 8332, எத்தீரியத்தின் 8545, 8546, 8551, மொனெரோவின் 18081 ஆகியவற்றை இணையத்துக்குத் திறப்பது பணப்பையை அந்நியர் கையில் கொடுப்பதற்கு ஒப்பான அபாயத்தை விளைவிக்கக்கூடும். பொறுமை இழந்து எல்லா வரவையும் தடையின்றி அனுமதிக்கும் டிஎம்இசட் என்ற பகுதியில் கணினி முழுவதையும் வைப்பதும் அவ்வாறே தவறு. டாக்கர் வழியே நோடு இயக்குவோர் இதில் மிகுந்த ஜாக்கிரதை காட்டவேண்டும். டாக்கர் வெளியிடும் போர்ட்டுகள் யுஎஃப்டபிள்யுவின் தடையைக் கடந்து திறந்துவிடுவதால், மூடியிருப்பதாக உரிமையாளர் நம்பும் போர்ட் உண்மையில் திறந்தே கிடக்கலாம்.

சட்டமும் உபயோக அளவும்

நோடு இயக்குவது நாணயத்தை வாங்குவதோ விற்பதோ அன்று. அதற்கெனத் தனித் தடையும் இந்தியச் சட்டத்தில் இல்லை. 2022-ஆம் ஆண்டு நிதிச் சட்டம் விதித்த முப்பது சதவீத வரி, மெய்நிகர் சொத்தைக் கைமாற்றுவதால் வரும் லாபத்தைப் பற்றியது. சேவை ஒப்பந்தத்தில் வீட்டில் சர்வர் வைப்பதற்கு நிபந்தனை உண்டா என்று படித்துப் பார்ப்பது அவசியம். வரவை ஏற்கும் நோடு, புதிதாகச் சேர்வோருக்குப் பழைய பிளாக்குகளை வழங்குவதால் மாதந்தோறும் பல நூறு ஜிபி வெளியே செல்லலாம்; திட்டத்தின் அளவு வரம்புக்கு ஏற்ப, மேக்ஸ்அப்லோடுடார்கெட் என்ற அமைப்பால் அதைக் கட்டுப்படுத்தலாம். வரம்புக்குட்பட்டுத் தரும் நோடும் தரும் நோடே; முற்றும் அடைபட்ட நோடோ தேடி வருவோருக்கு ஏதும் தருவதில்லை. ஒரு போர்ட்டை முறையாகத் திறந்து மற்றவற்றை முறையாக மூடிவைக்கும் வீட்டார், எந்த நிறுவனத்தின் தயவுமின்றி உண்மையைச் சரிபார்க்கும் உரிமையைத் தாம் அனுபவிப்பதோடு, முன்பின் அறியாத ஒருவருக்கும் அவ்வுரிமை கிட்ட உதவுகின்றனர்.