பிம்பமாக்கல்

ஆளையோ பொருளையோ இயல்பினும் பெரிதாக்கிப் போற்றும் உருவாக நிறுத்துவது. 'பிம்பம்' வடசொல்: நிலவின் வட்டம், கண்ணாடியில் தெரியும் உரு, கோவைப்பழம், கோயில் திருமேனி எனப் பல பொருள். பக்தர் பழனி மலையேறிக் கும்பிடுவதும் பிம்பமே. ஆனால் அங்கே யாரும் 'ஆக்கல்' சேர்ப்பதில்லை. சேர்த்தால் குறை சொல்லும் தொனி வந்துவிடும். பக்தர் சொல்லல்ல, விமர்சகர் சொல்.

அரசியலில்தான் அதற்கு வேலை அதிகம். 1973 திண்டுக்கல் இடைத்தேர்தலில் வென்றவர் எம்.ஜி.ஆர். கட்சி வேட்பாளர் மாயத்தேவர். ஊர் பார்த்ததோ எம்.ஜி.ஆரையும் இரட்டை இலைச் சின்னத்தையும். எம்.ஜி.ஆர். பற்றிய எம்.எஸ்.எஸ். பாண்டியனின் ஆய்வு நூலுக்குத் தமிழில் 'பிம்பச் சிறை' என்றே பெயர்.

வாக்கியத்தில்: "முண்டாசும் மீசையுமாகப் பாரதியைப் பிம்பமாக்கிவிட்டோம், கட்டுரைகளைப் படிக்கத்தான் ஆளில்லை."