காட்டுப் பாதையில் காவலிருக்கும் காமிரா

மான் வழக்கமாகத் தண்ணீர் குடிக்கப் போகும் பாதை. ஓரத்திலுள்ள மரத்தில், செங்கல் அளவுள்ள ஒரு பெட்டி கட்டப்பட்டிருக்கிறது. அருகில் ஆள் யாரும் இல்லை. நள்ளிரவில் மான் அந்தப் பக்கம் வருகிறது. பெட்டி ஒரு படத்தை எடுத்து, நாளையும் நேரத்தையும் அதிலேயே பதித்து வைத்துக்கொள்கிறது. அமெரிக்க வேட்டைக்காரர்கள் இதைப் பாதைக் காமிரா என்கிறார்கள். வனவிலங்கு ஆராய்ச்சியாளர்கள் காமிராப் பொறி என்கிறார்கள். பெயர் இரண்டானாலும் கருவி ஒன்றுதான்.

அமெரிக்கக் கடைகளில் இந்தக் காமிராக்கள் ஏராளமான மாதிரிகளில் விற்கின்றன. எது நல்லது, எதை வாங்குவது என்று வேட்டைக்காரர்கள் ஓயாமல் விவாதிக்கிறார்கள். விளம்பரத்தைப் படித்து இதற்கு விடை காண முடியாது. இக்கருவியின் ஒவ்வோர் உறுப்பும் ஏதோ ஓர் இடையூறைத் தீர்க்கப் பிறந்தது. அந்த வரலாற்றையும் அதற்குள் இருக்கும் இயற்பியலையும் தெரிந்துகொண்டால், தேர்ந்தெடுப்பது எப்படி என்பது தானே விளங்கும். அதைவிட முக்கியமான வேறொரு கேள்வியும் நம் முன் எழும்.

நூல் இழுத்தால் படம்

1878ஆம் ஆண்டு ஜூன் மாதம், கலிபோர்னியாவில் பாலோ ஆல்ட்டோ என்னும் இடத்தில், எட்வர்ட் மைபிரிட்ஜ் 12 காமிராக்களை வரிசையாக வைத்தார். ஓடுபாதையின் குறுக்கே நூல்கள் கட்டப்பட்டிருந்தன. நாலுகால் பாய்ச்சலில் வந்த குதிரை நூல்களை ஒவ்வொன்றாக இழுக்க, காமிராக்களும் ஒவ்வொன்றாக இயங்கின. குதிரையின் நான்கு கால்களும் ஒரு கணம் தரையைவிட்டு எழுகின்றன என்பதை அப்படங்கள் காட்டின. விலங்கு தன் படத்தைத் தானே எடுத்துக்கொள்ள முடியும் என்பதும் அதனால் தெரிந்தது.

இந்த உத்தி காட்டுக்குள் புகுந்த பெருமை ஜார்ஜ் ஷிராஸ் என்பவரைச் சேரும். 1859இல் பிறந்த இவர் ஒரு வழக்கறிஞர். அமெரிக்க நாடாளுமன்றத்தில் உறுப்பினராகவும் இருந்தவர். இளமையிலிருந்தே வேட்டைப் பிரியர். மிச்சிகன் மாநிலத்தின் வடபகுதி ஏரிகளில், ஓஜிப்வே பழங்குடி மக்கள் இரவில் மான் வேட்டையாடும் முறை ஒன்று உண்டு. படகின் முன்புறத்தில் தீச்சட்டியை வைத்துக்கொண்டு ஓசையில்லாமல் செல்வார்கள். கரையில் நிற்கும் மானின் கண்கள் இருட்டில் இரண்டு விளக்குகளாக ஒளிரும். மானின் விழித்திரைக்குப் பின்னால் கண்ணாடி போன்ற ஒரு படலம் இருக்கிறது. விழித்திரையைக் கடந்து போன ஒளியை அது வந்த வழியே திருப்பி அனுப்புவதால்தான் இந்த ஒளிர்வு. அதைக் குறிவைத்து அம்பு எய்வார்கள், அல்லது சுடுவார்கள்.

ஷிராஸ் இந்த முறையை அப்படியே எடுத்துக்கொண்டார். ஆனால் துப்பாக்கி இருந்த இடத்தில் காமிராவை வைத்தார். தீச்சட்டிக்குப் பதிலாக, மக்னீசியத் தூளைக் கொளுத்திப் பளிச்சென்று ஒளி உண்டாக்கினார். பிறகு படகும் வேண்டாம் என்று, பாதையின் குறுக்கே நூலைக் கட்டிக் காமிராவுடன் இணைத்தார். நூலில் விலங்கு இடறியதும் மருந்து வெடித்துப் படம் விழும். வெளிச்சத்தைக் கண்டு மிரண்டு பாயும் மான்களையும் படமெடுக்க ஆசைப்பட்டு, ஒரு நொடிக்குள் இயங்கும் இரண்டாவது காமிராவையும் அமைத்தார்.

1906 ஜூலையில் நேஷனல் ஜியாகிரபிக் இதழ் அவருடைய 74 படங்களை ஒரே இதழில் வெளியிட்டது. ஆராய்ச்சி இதழைப் படப் புத்தகமாக்கிவிட்டார்கள் என்று கோபித்து, சங்கத்தின் நிர்வாகக் குழுவிலிருந்து இருவர் விலகிவிட்டார்கள். வாசகர்களோ மகிழ்ந்தார்கள். துப்பாக்கியைவிடக் காமிராவால் வேட்டையாடுவதே கடினம், ஆகையால் மேலானது என்று ஷிராஸ் கருதினார். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

புலியின் கோடுகள்

நம் நாட்டில் இந்த வேலையைத் தொடங்கியவர் எஃப். டபிள்யூ. சாம்பியன். ஐக்கிய மாகாணத்தில், அதாவது இன்றைய உத்தரப்பிரதேச, உத்தராகண்டப் பகுதிகளில், வன அதிகாரியாகப் பணியாற்றியவர். மற்ற ஆங்கில அதிகாரிகள் புலியைச் சுட்டு, அதன்மேல் கால் வைத்துப் படம் எடுத்துக்கொண்டிருந்த காலம் அது. சாம்பியன் இடறு கம்பியை அமைத்து உயிருள்ள புலியைப் படம்பிடித்தார். 1925இல் லண்டன் பத்திரிகையில் அப்படங்கள் வெளிவந்தன. 1927இல் அவை நூலாகவும் வந்தன.

படங்களை அருகருகே வைத்துப் பார்த்தபோது அவருக்கு ஓர் உண்மை தெரிந்தது. எந்த இரண்டு புலிகளுக்கும் கோடுகள் ஒன்றுபோல் இல்லை. நம் கைரேகை போன்றதே புலியின் கோடு. அதே 1927இல், பனாமாவிலுள்ள பாரோ கொலராடோ தீவில் ஃபிராங்க் சாப்மன் என்ற அமெரிக்கரும், காட்டில் என்னென்ன விலங்குகள் நடமாடுகின்றன என்பதைக் கம்பிக் காமிராவால் கண்டறிந்து எழுதினார். கொல்லாமலேயே கணக்கெடுக்கலாம் என்ற எண்ணம் இப்படி வேர்விட்டது.

நூலின் இடத்தில் வெப்பம்

நூலுக்குப் பல குறைகள் உண்டு. காற்றில் விழுந்த கிளையும் அதை இழுத்துவிடும். ஒரு தடவை இயங்கினால், ஆள் போய் மறுபடி கட்ட வேண்டும். 1980களில் அமெரிக்க வேட்டைக்காரர்கள் நூலையும் கடிகாரத்தையும் இணைத்த எளிய கருவி ஒன்றைப் பயன்படுத்தினார்கள். மான் நூலை இழுத்தால் கடிகாரம் நின்றுவிடும். மறுநாள் வந்து பார்த்தால் மான் கடந்த நேரம் தெரியும்; போனது மானா, பன்றியா என்பது தெரியாது.

அந்தப் பத்தாண்டின் முடிவில், நூலின் இடத்தை அகச்சிவப்புக் கதிர் பிடித்தது. பாதையின் ஒரு புறமிருந்து மறுபுறம் செல்லும் கதிரை விலங்கு மறைத்தால் காமிரா இயங்கும். இன்றைய காமிராக்களிலோ கதிர் அனுப்பும் பகுதியே இல்லை. விலங்கின் உடலே கதிரை அனுப்புகிறது. எப்படி?

சூடுள்ள எப்பொருளும் கதிர்வீச்சை வெளியிடுகிறது. எந்த அலைநீளத்தில் அது மிகுந்திருக்கும் என்பதை வீன் விதி சொல்கிறது: 2898 என்ற எண்ணைக் கெல்வின் வெப்பநிலையால் வகுத்தால் அலைநீளம் மைக்ரான் கணக்கில் கிடைக்கும். விலங்கின் மேற்பரப்பு 30 டிகிரி செல்சியஸ், அதாவது 303 கெல்வின் என்று கொள்வோம். விடை ஏறத்தாழ 9.6 மைக்ரான். நம் கண்ணுக்குத் தெரியும் ஒளி 0.4 முதல் 0.7 மைக்ரான் வரைதான். ஆகவே இருட்டில் நிற்கும் மான் நமக்குத் தெரியாவிட்டாலும், 10 மைக்ரான் அருகே அது ஒளிவீசிக்கொண்டுதான் இருக்கிறது.

சில படிகங்களைச் சூடேற்றினால் அவற்றின் முகங்களில் மின்னேற்றம் தோன்றும். 1824இல் டேவிட் புரூஸ்டர் இந்நிகழ்ச்சிக்கு வெப்பமின் விளைவு என்று பொருள்படும் பெயரைச் சூட்டினார். காமிராவின் உணர்வியில் இத்தகைய சிறு துண்டுகள் இரண்டு, எதிரெதிர்த் திசையில் இணைக்கப்பட்டிருக்கின்றன. காடு முழுவதும் ஒரே சீராகச் சூடேறினால், இரண்டின் மின்னழுத்தமும் ஒன்றையொன்று அழித்துவிடும். ஒரு விலங்கு குறுக்கே நடந்தாலோ, முதலில் ஒரு துண்டும் பிறகு மற்றொன்றும் சூடு பெறும். அப்போது எழும் மின்துடிப்பே காமிராவை இயக்குகிறது. இந்தக் கதிரைச் சாதாரணக் கண்ணாடி உள்ளே விடாது. அதனால்தான் உணர்வியின் முன்னே, வரிவரியான பாலிதீன் வில்லை பொருத்தப்படுகிறது.

இதிலிருந்து இரண்டு செய்திகள் கிடைக்கின்றன. முதலாவது, உணர்வி அறிவது வெப்பத்தையன்று, வெப்ப வேறுபாட்டை. சூழலும் விலங்கின் மேற்பரப்பும் ஒரே வெப்பநிலையில் இருக்கும் கோடை நண்பகலில் அது ஏமாந்துபோகும். இரண்டாவது, குறுக்கே நடக்கும் விலங்கை எளிதில் உணரும். நேராக எதிரே வரும் விலங்கைச் சற்றுத் தாமதமாகவே உணரும்.

எதைத் தேர்ந்தெடுப்பது?

இனி வாங்குபவரின் கேள்விக்கு வருவோம்.

முதலில் பார்க்க வேண்டியது, விலங்கை உணர்ந்தபின் படம் விழ ஆகும் நேரம். மான் நொடிக்கு 1.5 மீட்டர் நடக்கிறது என்று கொள்வோம். காமிரா 40 டிகிரி அகலம் பார்க்கக் கூடியது. 3 மீட்டர் தொலைவில் அதன் பார்வையகலம் 2.2 மீட்டர் அளவுதான். மான் நடுவே வரும்போது உணர்ந்து, ஒரு நொடி கழித்துப் படம் எடுத்தால், அது 1.5 மீட்டர் தள்ளிப் போயிருக்கும். படத்தில் வால் பகுதிதான் மிஞ்சும். தொடக்ககால டிஜிட்டல் காமிராக்கள் விழித்தெழச் சில நொடிகள் ஆயின. வெற்றுப் புதர்களின் படமே அவற்றில் நிறைய விழுந்தது. இன்று அரை நொடிக்கும் குறைவான நேரத்தில் இயங்குபவை கிடைக்கின்றன. வேகம் குறைந்த காமிராவானால், பாதைக்குச் செங்குத்தாக வைக்காமல் சாய்வாக வைக்க வேண்டும்.

அடுத்தது இரவு வெளிச்சம். மக்னீசியத் தூள் போய்ப் பளிச்சு பல்பு வந்தது. பிறகு மின்னணுப் பளிச்சு விளக்கு வந்தது. இப்போது பெரும்பாலும் அகச்சிவப்பு டயோடுகள். இவற்றில் 850 நானோமீட்டர் வகை எரியும்போது, மங்கலான செம்புள்ளி நம் கண்ணுக்கும் தெரியும். 940 நானோமீட்டர் வகை தெரியவே தெரியாது. ஆனால் படம் பதியும் சிலிக்கான் சில்லுக்கு அந்த அலைநீளத்தில் உணர்திறன் குறைவு. ஆகவே படம் இருண்டு, எட்டும் தூரமும் குறையும். தொலைவு இரண்டு மடங்கானால் விலங்கின்மேல் விழும் ஒளி நான்கில் ஒரு பங்காகிவிடும் என்பதையும் மறக்கக் கூடாது.

மெகாபிக்சல் எண்ணை மட்டும் நம்பிவிடாதீர்கள். சில்லில் இருப்பது குறைவாகவும், இடைப் புள்ளிகளைக் கணக்கிட்டு நிரப்பி அச்சிடும் எண் பெரிதாகவும் இருக்கக்கூடும். பேட்டரி எத்தனை வாரம் தாங்கும், மழைநீர் உள்ளே புகுமா என்பவையே காட்டில் அதிகம் பயன்படும் கேள்விகள். எந்தக் காமிராவானாலும் கிழக்கு, மேற்குத் திசைகளைப் பார்த்து வைத்தால், காலையிலும் மாலையிலும் சூரியன் படத்தைக் கெடுக்கும்.

சுட்டதும் எண்ணியதும்

ஒரே கருவி இருவேறு கைகளில் என்ன செய்கிறது என்று இப்போது பாருங்கள்.

1930இல் அமெரிக்கரான ஃபிரடெரிக் லிங்கன், நாட்டிலுள்ள வாத்துகளை எண்ண ஒரு வழி சொன்னார். சில வாத்துகளின் காலில் வளையம் மாட்டிப் பறக்கவிட வேண்டும். வேட்டைக்காரர்கள் சுட்ட வாத்துகளில் எத்தனைக்கு வளையம் இருக்கிறது என்று பார்த்தால், மொத்தத்தை மதிப்பிடலாம். எடுத்துக்காட்டாக, 20 விலங்குகளுக்கு அடையாளம் இட்டோம். மறுபடி கண்ட 24இல் 8 அடையாளத்துடன் இருந்தன. மூன்றில் ஒரு பங்குக்கு அடையாளம் இருப்பதால், மொத்தம் சுமார் 60. புலிக்கு வளையம் தேவையில்லை, கோடுகளே போதும் அல்லவா? இந்தக் கணிதத்தையும் காமிராவையும் இணைத்து, கர்நாடகத்தின் நாகரஹொளைக் காட்டில் புலிகளை மதிப்பிட்ட உல்லாஸ் கரந்த், அதன் முடிவை 1995இல் வெளியிட்டார்.

அதன் அருமை பத்தாண்டுக்குள் விளங்கியது. அப்போது அரசுக் கணக்கெடுப்பு, காலடித் தடங்களை வைத்தே நடந்துவந்தது. ராஜஸ்தானில் சரிஸ்கா காப்பகத்தில் புலிகள் இருப்பதாகப் பதிவேடுகள் சொல்லிக்கொண்டிருந்தன; 2005 வாக்கில் தேடியபோது ஒன்றுகூட இல்லை. கள்ள வேட்டைக்காரர்கள் முடித்துவிட்டிருந்தார்கள். அதன்பின் நாடு முழுவதும் காமிரா முறை வந்தது. 2018ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 26,838 இடங்களில் காமிராக்கள் வைக்கப்பட்டன. விழுந்த படங்கள் 3 கோடியே 48 இலட்சத்துக்கும் மேல். அவற்றில் புலிப் படங்கள் 76,651. மதிப்பீடு 2,967 புலிகள். இடப்புறக் கோடும் வலப்புறக் கோடும் வெவ்வேறு ஆதலால், இந்த வேலைக்கு ஓரிடத்தில் இரண்டு காமிராக்கள் எதிரெதிரே வைக்கப்படுகின்றன.

அமெரிக்காவில் கதை வேறு திசையில் போயிற்று. செல்போன் இணைப்புள்ள காமிராக்கள் வந்தபின், விலங்கு கடந்த சில நொடிகளில் அதன் படம் வேட்டைக்காரரின் கைக்கு வந்துவிடுகிறது. வறண்ட மாநிலமான அரிசோனாவில் விலங்குகளுக்குத் தண்ணீர் கிடைக்கும் இடங்கள் மிகச் சில. அவற்றைச் சுற்றிக் காமிராக்கள் குவிந்தன. தாகமுள்ள விலங்கு தப்ப வழி ஏது? 2021 ஜூனில், அம்மாநில வனவிலங்கு ஆணையம், வேட்டைக்குத் துணையாகப் பாதைக் காமிராவைப் பயன்படுத்துவதைத் தடைசெய்தது. 2022 ஜனவரி 1 முதல் தடை நடைமுறைக்கு வந்தது. நெவாடாவும் யூட்டாவும் சில மாதங்களுக்கான கட்டுப்பாடுகளைக் கொண்டுவந்தன.

வேட்டைக்காரர்களில் பலர் இதை எதிர்த்தார்கள். வயது முதிர்ந்த ஆண்மான் எது என்று முன்னரே அறிந்தால் தவறான விலங்கைச் சுடாமலிருக்கலாம் என்பது அவர்கள் வாதம். அதிலும் நியாயம் இல்லாமலில்லை. ஆனால் தடையை ஆதரித்தவர்களிலும் வேட்டைக்காரர்கள் இருந்தார்கள். விலங்குக்குத் தப்பிக்கும் வாய்ப்பு இருந்தால்தான் அது வேட்டை என்பது அவர்களுடைய பழைய நெறி. துப்பாக்கிக்கு மாற்றாக ஷிராஸ் நிறுத்திய காமிரா, நூறாண்டுக்குப் பின் துப்பாக்கிக்கே கண்ணாகிவிட்டது என்பதுதான் அவர்களை உறுத்தியது.

நம் நாட்டில், 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் 1991ஆம் ஆண்டுத் திருத்தமும் வேட்டைக்கு இடம் வைக்கவில்லை. ஆகவே இக்கேள்வி நமக்கு இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். ஒரு புலி எந்த இடத்தில் எந்த நேரத்தில் நடமாடுகிறது என்னும் செய்தி, காப்பவருக்கு எவ்வளவு பயனுள்ளதோ கள்ள வேட்டைக்காரனுக்கும் அவ்வளவு பயனுள்ளது. எனவே படங்களை எடுப்பதில் காட்டும் அக்கறையை, அவற்றைப் பூட்டி வைப்பதிலும் காட்ட வேண்டியிருக்கிறது.

மாணவர்கள் இந்த உணர்வியைப் பார்க்கக் காட்டுக்குப் போகவேண்டியதில்லை. ஆள் வந்தால் தானாக எரியும் மாடிப்படி விளக்குகளிலும் அதுவேதான் இருக்கிறது. நேராக எதிரே ஒருமுறையும், குறுக்கே ஒருமுறையும் நடந்து பாருங்கள். எந்தத் தொலைவில் விளக்கு எரிகிறது என்று இரண்டு தடவையும் அளந்து குறியுங்கள். மே மாத நண்பகலிலும் மார்கழி விடியலிலும் அதையே செய்து ஒப்பிட்டால், மரத்தில் கட்டிய பெட்டி எப்போது மானைக் காணத் தவறும் என்பது உங்கள் ஏட்டிலேயே இருக்கும்.