திரும்பி வந்த கதவுகள்

மகன் ஹாங்காங்கில் வேலையாக இருந்தபோது ஒருமுறை போயிருந்தேன். உயரமான கட்டடங்களை அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலித்த பிறகு, காம் டின் என்ற இடத்துக்கு அழைத்துப் போனான். அங்கே காட் ஹிங் வாய் என்றொரு மதில் சூழ்ந்த கிராமம். ‘வாய்’ என்றால் சுற்றி அடைத்த இடம் என்று பொருளாம்.

டாங் குலத்தார் 15ஆம் நூற்றாண்டில், மிங் வம்ச காலத்தில் உண்டாக்கிய ஊர் அது. கொள்ளைக்காரர்களுக்குப் பயந்து, பின்னால் காங்ஷி பேரரசர் காலத்தில் மதில் எழுப்பினார்கள். நீலம் பாய்ந்த சாம்பல் நிறச் செங்கல், ஏறக்குறைய 5 மீட்டர் உயரம், நான்கு மூலையிலும் காவல் கோபுரம், வெளியே அகழி. உள்ளே போக ஒரே வாசல். அதற்கு இரும்புக் கதவுகள். வாசலிலிருந்து நேராக ஒரு சந்து, அதன் கோடியில் கோயில்.

1898இல் சீன அரசு இந்தப் பகுதியை ஆங்கிலேயருக்கு 99 வருடக் குத்தகைக்கு விட்டது. குடியிருந்தவர்களை யாரும் கேட்கவில்லை. 1899 ஏப்ரலில் ஆங்கிலேயர் பொறுப்பேற்க வந்தபோது ஊர்க்காரர்கள் ஆறு நாள் எதிர்த்துத் தோற்றார்கள். கதவுகளைக் கழற்றிவிட்டார்கள். கவர்னர் பிளேக் அவற்றை அயர்லாந்துக்குக் கொண்டுபோனார்.

ஆங்கிலேயரைத் திட்ட வாயெடுத்தேன். பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவனுக்கு உடனே வேறொன்று நினைவு வந்தது. அதே 1898இல் எங்கள் பிரெஞ்சுக்காரர்களும் தென்சீனத்தில் குவாங்சோவானை வளைத்துக்கொண்டார்கள், அதே 99 வருடக் குத்தகைக்கு! வாயை மூடிக்கொண்டேன்.

அந்த ஊர்க்காரர்கள் கதவுகளை மறக்கவில்லை. கால் நூற்றாண்டு கழித்து அரசுக்கு மனுப் போட்டார்கள். 1925இல் கதவுகள் திரும்பி வந்தன. கவர்னர் ஸ்டப்ஸ் நேரில் வந்து ஒப்படைத்தார். அந்த விவரத்தைச் சொல்லும் கல்வெட்டு வாசலில் இருக்கிறது. வந்த இரண்டும் ஜோடி இல்லை, ஒன்று பக்கத்து டாய் ஹாங் வாய் ஊருடையது என்கிறார்கள்.

உள்ளே இப்போது பெரும்பாலும் சிமெண்ட் மாடி வீடுகள். நான் கதவருகிலேயே நின்றுவிட்டேன். குமாஸ்தாவாக இருந்த காலமெல்லாம் மனுக்களைக் கோப்பில் கட்டியவன் நான். ஒரு பாட்டி மனைப் பட்டாவுக்காக வருஷக்கணக்கில் வந்துபோனார். ‘பரிசீலனையில் இருக்கிறது’ என்றே சொல்லி அனுப்பினேன். ஒருநாள் வருவதை நிறுத்திவிட்டார். ஏனென்று நான் விசாரிக்கவில்லை.

“என்னப்பா, கதவையே பார்க்கறீங்க?” என்றான் மகன்.

“ஒண்ணுமில்ல, போகலாம்” என்றேன்.