பெருமூளை வாதமும் குருத்தணு மருத்துவமும்: ஒரு வரலாறு

பெருமூளை வாதம் என்பது கருவிலோ, பிறப்பின்போதோ, பிறந்த சிறிது காலத்திலோ வளரும் மூளை பாதிக்கப்படுவதால் குழந்தையின் அசைவும் உடல் நிலைப்பும் குறைபடும் நிலையாகும். 1861-இல் வில்லியம் ஜான் லிட்டில் என்ற அறுவை மருத்துவர் இதைக் கடினமான பிரசவத்தோடு தொடர்புபடுத்தி இலண்டனில் கட்டுரை வாசித்தார். நெடுங்காலம் இது 'லிட்டில் நோய்' என்றே அழைக்கப்பட்டது. 1897-இல் சிக்மண்ட் பிராய்டு (அப்போது அவர் நரம்பியல் மருத்துவர்), கடினமான பிரசவமே கருவில் முன்பு நேர்ந்த கோளாறின் விளைவாக இருக்கலாம் என மறுத்தார். காரணம் பற்றி விவாதம் நடந்ததே தவிர, மூளையின் பாதிப்பைச் சீராக்கும் வழி எவரிடமும் இல்லை.

1988-இல் பாரிசில் எலியான் குளுக்மன் குழுவினர், பான்கோனி குருதிச்சோகை உள்ள ஒரு சிறுவனுக்கு அவனது தங்கையின் தொப்புள்கொடிக் குருதியைச் செலுத்தினர். அதுவரை பிரசவ அறையில் எறியப்பட்டு வந்த அக்குருதியில், ஸ்டெம் செல் எனப்படும் குருத்தணுக்கள் இருந்தன. பின்னர் அதைச் சேமிக்கும் வங்கிகள் பெருகின. குழந்தைக்குப் பெருமூளை வாதம் எனத் தெரிந்த பெற்றோர் சிலர், சேமித்த குருதி பயன்படுமா என்று கேட்கத் தொடங்கினர்.

இக்கேள்விக்கு விடை காண்பது எளிதன்று. சிறு குழந்தை எந்த மருந்தும் இன்றியே ஓராண்டில் ஓரளவு வளர்ந்து, புதிய அசைவுகளைக் கற்றுக்கொள்ளும். ஊசி போட்ட பின் குழந்தை உட்கார்ந்தால் அது ஊசியாலா, வளர்ச்சியாலா? அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் ஜோவன் கர்ட்ஸ்பெர்க் குழுவினர் 1 முதல் 6 வயது வரையான 63 குழந்தைகளிடம் இதைச் சோதித்தனர். ஒரு பிரிவினருக்கு அவர்களின் சொந்தக் குருதியும், மற்றவர்களுக்கு மருந்துப்போலியும் செலுத்தப்பட்டன. யாருக்கு எது என்பது பெற்றோருக்கும் மதிப்பிடுவோருக்கும் மறைக்கப்பட்டது. ஓராண்டுக்குப் பின் இரண்டும் மாற்றித் தரப்பட்டதால், எந்தக் குழந்தையும் விடுபடவில்லை. 2017-இல் வெளியான முடிவின்படி, முதலாண்டில் இரு பிரிவுகளுக்கும் இடையே மொத்தத்தில் வேறுபாடு இல்லை. ஆனால் உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 2 கோடி அணுக்களோ அதற்கு மேலோ பெற்றவர்கள் கூடுதலாக முன்னேறினர். அணுக்கள் புதிய நரம்புகளாக மாறுவதில்லை, அவை வெளியிடும் பொருட்களே அழற்சியைத் தணிக்கின்றன என்பது இன்றைய பொதுக் கருத்து.

சான்று வரும்வரை வணிகம் காத்திருக்கவில்லை. ஜெர்மனியின் டுசல்டார்ஃப் நகரில் கட்டணம் பெற்று எலும்பு மச்சைக் குருத்தணுக்களைச் செலுத்திய ஒரு தனியார் மருத்துவமனையில், மூளைக்குள் ஊசி போடப்பட்ட ஒன்றரை வயதுக் குழந்தை 2010-இல் இறந்தது. அடுத்த ஆண்டு அம்மருத்துவமனை மூடப்பட்டது. இந்தியாவில் 2017-ஆம் ஆண்டின் தேசிய வழிகாட்டு நெறிகள், குருதி நோய்கள் போன்ற ஏற்கப்பட்ட சிலவற்றைத் தவிர, பிற குருத்தணு மருத்துவம் அனைத்தையும் ஆய்வு நிலையிலேயே வைத்துள்ளன. ஆகவே இதைக் கட்டணச் சிகிச்சையாக விற்க இடமில்லை. விளம்பரத்தைக் கண்டு நிலத்தை விற்றுப் பணம் திரட்டும் பெற்றோருக்கு இது யாராவது முன்கூட்டியே சொல்ல வேண்டிய செய்தி.

2025-இல் பல ஆய்வுகளின் தரவுகளை ஒன்றுசேர்த்து ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் தலைமையில் வெளியான பகுப்பாய்வு, தொப்புள்கொடிக் குருதியால் உடலியக்கத்தில் மிதமான முன்னேற்றம் உண்டு என்று கண்டது. பயன் அதிகம் தெரிந்தது 5 வயதுக்கு உட்பட்ட, பாதிப்புக் குறைந்த குழந்தைகளிடம்தான்.